மூன்றாம் ஓலை

இரண்டாம் மணி அடித்து, ஐயர் பீடத்துக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் என் அக்கா கோயிலுக்குள் வந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற அதே நீலக்கரைச் சேலை, தலையில் முக்காடு, வரப்புச் சேறு காயாத கால். அன்று அவளுக்கு மூன்றாம் ஓலை. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு தொடர்ந்து பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் ஐயர் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்பார். அதுதான் ஓலை. அந்த மூன்று ஞாயிறும் பெண் கோயிலுக்கு வரமாட்டாள். சட்டம் ஒன்றும் கிடையாது, கூச்சம்தான். அதனால் அவள் உள்ளே வந்ததும் பெண்கள் பக்கப் பாயில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். “பேரு சரியா வாசிக்கிறாங்களான்னு பொண்ணே பாக்க வந்துடுச்சு” என்று எங்கள் சின்னம்மா சொன்னது ஆண்கள் பக்கம் வரைக்கும் கேட்டது. நான் சிரிக்கவில்லை. அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அந்தக் கோயிலில் ஐயரை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிள்ளைகளா, நீங்கள் இரண்டு பேரும் பார்த்த அத்தை வேறு. ஞாயிறு தவறாமல் முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிற அத்தை, கடலோரத்து ஊரிலிருந்து உங்களுக்குப் பையில் கருவாடும் கடலை மிட்டாயும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு வந்து மிட்டாயைக் கருவாட்டு வாசனையோடு தருகிற அத்தை. மாதத்தில் முதல் ஞாயிறு திருவிருந்து நடக்கும்போது எல்லோரும் பந்தி பந்தியாக எழுந்து அப்பமும் திராட்சரசமும் வாங்க முன்னால் போவார்கள். அத்தை மட்டும் காலியான பாயில் தனியாக உட்கார்ந்திருப்பாள். “அத்தை ஏன்ப்பா போகல?” என்று நீங்கள் இரண்டு பேரும் வெவ்வேறு வயதில் என்னைக் கேட்டீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். அத்தைக்கு முழங்கால் வலி, மண்டி போட முடியாது. அதே அத்தை அன்று மத்தியானம் உங்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரை முழுக்க நடந்தாள். அதையும் நீங்கள் பார்த்தீர்கள். ஆனாலும் அப்பா சொன்னதை நம்பினீர்கள்.

நான் பத்தாவது தவறியவன். எழுத்து எனக்குச் சுலபமாக வராது. இதை எழுத நான்கு மாதமாக உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன். நடந்தது நடந்தபடி இருந்தால் போதும் என்று எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் நிலம் என்றாலே தகராறு. கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்குச் சேரிகள் எரிந்த கதையைச் சொல்லி அம்மாக்கள் அழுதுகொண்டிருந்த காலம். ஒரு பக்கம் செங்கொடி, ஒரு பக்கம் வெளியூர் ஆளை லாரியில் இறக்கி அறுக்கிற மிராசுதார்கள், நடுவில் போலீஸ் வேன். உங்கள் தாத்தாவின் அப்பா ஒரு பண்ணையில் ஆளாக இருந்து சவுக்கடி பட்டுச் செத்தவர். தாத்தாவுக்கு அதே பண்ணை மிராசுதார் ஒன்பது மா நிலத்தை வாரத்துக்கு விட்டிருந்தார். விளைவதில் அவருக்குப் பங்கு அளந்துவிட்டு மீதியில் நாங்கள் சாப்பிட்டோம். எல்லாம் வாய்ப்பேச்சு, காகிதம் கிடையாது. பயிர் செய்கிறவன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துவிட்டால் அவனை யாரும் வெளியேற்ற முடியாது என்று அரசாங்கம் சட்டம் போட்டது. சட்டம் வந்ததுமே மிராசுதார்கள் விழித்துக்கொண்டார்கள். எங்கள் மிராசுதாரின் ஏஜெண்டு சைக்கிளில் வந்து, இந்தச் சம்பா அறுப்போடு நிலத்தை விட்டுவிடணும் என்று வரப்பில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். தாத்தா பதிவுக்காக மூன்று தரம் தாலுகா ஆபீசுக்குப் போனார். மூன்று தரமும் வாசல் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வந்தார். உள்ளே கூப்பிடவே இல்லை.

அப்போதுதான் அந்தச் சம்பந்தம் வந்தது. ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர் நம் ஜனத்து ஆள். கட்சிக்காரர்கள் அவரைப் பெயர் சொல்லமாட்டார்கள், ‘ஒன்றியம்’ என்றே கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நம் தெருவிலிருந்து போய், தாசில்தார் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் மனுஷன் அவர்தான். அவர் உட்கார்ந்ததைப் பார்க்கவே ஜன்னல் பக்கம் கூட்டம் நிற்குமாம். அவருடைய மகன் கூட்டுறவு சங்கத்தில் வேலையாக இருந்தார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் என் அக்காவைப் பார்த்துவிட்டு, கட்டினால் இந்த டீச்சரைத்தான் என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிடிக்காத கல்யாணத்திலிருந்து தப்பிக்க அவள் சாக்குச் சொன்னாள் என்று ஊரில் இன்றைக்கும் சொல்லுகிறவர்கள் உண்டு. நிச்சயம் முடிந்த வாரம் அவள் திருவாரூர் கடைத்தெருவுக்குப் போய்த் தனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தாள். “மாப்பிள்ளை வாச்சு கட்டியிருக்காரு, நான் மட்டும் அவருகிட்ட மணி கேட்டுக்கிட்டு நிக்கணுமா?” என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஒன்றியத்துக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. மேடையில் ஏறினால் எல்லா மதத்தையும் ஒரு பிடி பிடிப்பார். ஆனால் எங்களிடம் தாராளமாகவே நடந்துகொண்டார். நிலப் பதிவை நானே முடித்துத் தருகிறேன் என்று தாத்தாவிடம் வாக்குக் கொடுத்தார். உங்க கோயில்லயே வெச்சுக்குங்க, எனக்கு எல்லாக் கட்டடமும் ஒண்ணுதான் என்றார். பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தால்தான் சபையில் கல்யாணம் நடக்கும். அதற்கு ஆறு மாதம் அவர் கோயிலுக்கு வந்து உட்கார்ந்து பாடம் கேட்கவேண்டும். அமைச்சர் ஒருவர் கல்யாணத்துக்கு வருவதாகத் தேதி கொடுத்திருந்தார். அந்தத் தேதிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

எங்கள் ஐயர் கெட்டவர் இல்லை. மழையில் நனைந்துகொண்டு காலரா வீடுகளுக்குள் போய் ஜெபம் செய்தவர். ஆனால் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குப் பட்டா இல்லை. புறம்போக்கு என்று சொல்லி, பக்கத்து நிலத்துக்காரர்கள் ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு முழம் உள்ளே உழுதுகொண்டு வந்தார்கள். எங்கள் ஆயாவின் சிலுவை வரைக்கும் ஏர் வந்துவிட்டது. அந்தப் பட்டாவை ஒன்றியம் ஒரு போனில் வாங்கித் தருவதாகச் சொன்னார். அதோடு ஐயர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, “ரெண்டு சொட்டு தெளிச்சா என்ன, தெளிக்காட்டா என்ன ஐயரே. நம்ம கட்சியில உறுப்பினர் சேக்கறப்ப ஆளையா பாக்கறோம்? நோட்டுல எழுதிக்குங்க” என்றார்.

ஐயர் எழுதினார். ஏழு மாதத்துக்கு முந்திய ஒரு தேதி போட்டு, மாப்பிள்ளைக்கு ஒரு வேதப் பெயரும் கொடுத்து, ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதினார். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும். பெண்ணின் தம்பி, இருபத்திரண்டு வயது, சபையில் பெயர் உள்ளவன். நான் போட்டேன் கையெழுத்து. பெரிய இடத்தில் நம்மையும் ஒரு ஆளாக உட்கார வைத்திருக்கிறார்கள் என்கிற பூரிப்பில் கோணல் இல்லாமல் அழகாகவே போட்டேன். மாப்பிள்ளை அந்த இடத்தில் இல்லவே இல்லை.

முதல் ஓலை ஆனது, இரண்டாம் ஓலை ஆனது. மூன்றாம் ஓலைக்கு முந்திய சனிக்கிழமை மாப்பிள்ளை எதையோ கொடுக்கிற சாக்கில் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறார். அக்கா பேச்சுவாக்கில் ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். ரகசியமாகப் பண்ணிவிட்டார்களே, தானும் வந்து நின்றிருப்பேனே என்கிற ஆசையில் கேட்டது. அவர் கள்ளம் இல்லாமல் சிரித்துக்கொண்டு, அதெல்லாம் அப்பா எழுதி வாங்கிவிட்டார், உங்கள் தம்பிதான் சாட்சி என்றாராம். அப்படியானால் உங்களுக்கு என்ன பெயர் கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறாள். யோசித்துப் பார்த்துவிட்டு, “அந்தச் சீட்டு அப்பாகிட்ட இருக்குங்க, பாத்துச் சொல்றேன்” என்றாராம்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. நான் பத்தாயத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டாயா என்று கேட்டாள். போட்டேன் என்றேன். நேரில் பார்த்தாயா என்று கேட்டாள். கல்யாணம் முடியட்டும், பிறகு தண்ணி தெளித்துக்கொண்டால் போகிறது, ஒன்பது மா நிலம் உனக்கு விளையாட்டாக இருக்கிறதா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. அவர் ஆறு மாதம் வந்து உட்காரட்டும், ஒரு வருஷம் ஆனாலும் காத்திருக்கிறேன், பிடிக்கவில்லை என்றால் வராமலே இருக்கட்டும், அதுவும் யோக்கியமான காரியம்தான் என்றாள். பிறகு சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே இருக்கிறது. “ஒன்றியம் பேரச் சொன்னா தாலுகா ஆபீஸ் கதவு தெறக்கும்டா. அந்தப் பேர வெச்சு இந்தக் கதவையும் தெறக்கலாம்னு நாமளே நெனைச்சுட்டா, அப்புறம் நமக்கு எதுக்குடா ஒரு கோயிலு?” அன்றே ஐயர் வீட்டுக்கும் போனாள். ஐயர் அவள் முகத்தைப் பார்க்காமல், எல்லாம் அமைதியாகட்டும்மா, பின்னால் ஒரு நாள் ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதனால்தான் அவள் மறுநாள் கோயிலுக்கு வந்தாள்.

முன்வரிசையில் ஒன்றியத்துக்கு நாற்காலி போட்டிருந்தது. தோளில் கட்சிக்கரைத் துண்டு. பக்கத்து நாற்காலியில் உங்கள் தாத்தா. வாழ்நாளெல்லாம் தரையில் உட்கார்ந்த மனுஷன், நாற்காலியின் நுனியில், விழுந்துவிடுவோமோ என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். ஐயர் இரண்டு பெயரையும் வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். வழக்கமாக அந்தக் கேள்விக்கும் அடுத்த வரிக்கும் இடையில் மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது.

“தடை இருக்குங்க ஐயரே.”

ஐயருக்கு நிமிர்ந்து பார்க்காமலே யாரென்று தெரிந்திருக்கும். இருந்தாலும் யாரது என்று கேட்டார்.

“பொண்ணுதாங்க. மாப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகல. ஆனதா எழுதியிருக்கு. சாட்சி எந்தம்பி. இங்கதான் இருக்கான், கேட்டுக்குங்க.”

அவள் ஐயரைக் குற்றம் சொல்லவில்லை, ஒன்றியத்தைச் சொல்லவில்லை. என்னிடம் கொடுத்தாள். பொய் சொல்லமாட்டேன் என்று நம்பித்தான் கொடுத்திருப்பாள். நான் எழுந்து நின்றேன். உங்கள் தாத்தாவின் பாதம் மட்டும் எனக்குத் தெரிந்தது. பித்தவெடிப்பு விழுந்து, வெடிப்புக்குள் சேறு ஏறிக் கறுத்துப்போன பாதம். உள்ளதைச் சொன்னால் ஒன்பது மாவும் போய்விடும். அது ஒன்றுதான் என் தலைக்குள் ஓடியது.

“ஆச்சுங்க” என்றேன். “நான் பக்கத்துலயே நின்னேங்க.”

அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். முதல் வாக்கியத்தைப் பயத்தில் சொன்னேன் என்று நான் எனக்கே பல வருஷம் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவதுக்கு என்னிடம் ஒரு சமாதானமும் இல்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வகுப்பில் நன்றாகப் படிக்கிற பையன் தெரிந்த கணக்கைத் தப்பாகப் போட்டால் டீச்சர் பார்க்கிற மாதிரி பார்த்தாள். “சரிங்க. எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லிட்டேன்” என்று ஐயரிடம் சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். எழுந்து வெளியே ஓடவில்லை. ஆராதனை முடிகிற வரைக்கும் இருந்து, கடைசிப் பாட்டையும் பாடிவிட்டுத்தான் போனாள்.

வெளியே புளியமரத்தடியில் ஒன்றியம் அவளை நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “பையனப் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லும்மா. நடுவுல சாமிய ஏன் சாட்சிக்கு இழுக்கற, அது கோர்ட்டுக்கு வருமா?” என்றார். கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். அவள் கும்பிட்டுவிட்டு நடந்தாள். ஒன்றியம் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். “தம்பி, நீ மனுசன்யா” என்றார். அந்தக் கை அவ்வளவு கனமாக இருந்தது.

பெண்ணே தடை சொன்ன கல்யாணம் நின்றுபோனது. ஆனால் நிலம் போகவில்லை. அடுத்த குறுவை நடவுக்கு முன்பே தாலுகா ஆபீசிலிருந்து பதிவு வந்துவிட்டது. தாத்தா பெயரில் இல்லை, என் பெயரில். மகளை அடக்கத் தெரியாத மனுஷன் என்று ஒன்றியத்துக்குத் தாத்தா மேல் வருத்தம். தாத்தா அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, யார் பேருல வந்தா என்ன, நின்னுச்சே என்றார். பிறகு உங்கள் ஆயாவிடம், அவளையும் கேட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இவன் என்று மட்டும் சொன்னாராம். எதைக் கேட்டு, எந்த வார்த்தையை என்று அவர் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கும் பட்டா வந்தது. நான் தடுமாறாமல் பொய் சொன்னதில் ஊரே நல்லபடியாக இருந்தது.

அவள் ஒருத்தியைத் தவிர. ஐயரின் பதிவேட்டைப் பொய் என்று சபை நடுவே சொன்னதற்காகச் சபைக் கமிட்டி அவளை விசாரித்தது. தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். “நான் சொன்னது பொய்யின்னு எந்தம்பி என் முகத்தப் பாத்துச் சொல்லட்டும், இப்பவே எழுதித் தர்றேன்” என்றாளாம். கமிட்டி எனக்கு ஆள் அனுப்பியது. நான் வயலில் தண்ணீர் பாய்கிறது, வரமுடியாது என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு வாய்க்காலில் தண்ணீரே இல்லை. அந்த ஒரு வரியை எழுதிக் கொடுக்கிற வரைக்கும் அவளுக்குத் திருவிருந்து கிடையாது என்று தீர்மானித்தார்கள். பள்ளிக்கூடமும் சபையுடையது என்பதால், கடலோரத்தில் ஓராசிரியர் பள்ளி ஒன்றுக்கு அவளை மாற்றினார்கள்.

அங்கே போனவள் வேறு சபையில் சேர்ந்திருக்கலாம். பேசாமல் போகாமலே இருந்திருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பஸ் மாறி இங்கேயே வந்தாள். எனக்கு ஞானஸ்நானம் ஆன இடம் இது, என்னை யாரும் எழுதிச் சேர்க்கவில்லை என்பாள். நடந்ததைப் பற்றி அவள் எங்கள் வீட்டில் சொன்ன குத்தலான வார்த்தை அது ஒன்றுதான். ஆராதனை முடிந்து நம் வீட்டுக்கு வந்து சாப்பிடுவாள். அந்த ஒன்பது மாவில் விளைந்த அரிசிச் சோறு. வேண்டாம் என்று தட்டைத் தள்ளுவாள் என்று முதல் சில வருஷம் நான் பயந்துகொண்டே பார்ப்பேன். அவள் உங்கள் அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லிக் கேட்டுச் சாப்பிடுவாள். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள். ஆட்சி மாறியது, ஒன்றியத்தின் வீட்டு வாசலில் கார்கள் நிற்பது நின்றது, கடைசி காலத்தில் அவரே தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் மனுவோடு நின்றதை நான் பார்த்தேன். நான் மட்டும் ஏறிக்கொண்டிருந்தேன். சபைக் கமிட்டியில் உறுப்பினர், பிறகு செயலாளர். முதல் பந்தியில் முதல் ஆள். பாயில் உட்கார்ந்திருக்கிற அவளைத் தாண்டித்தான் முன்னால் போகவேண்டும். அவள் எனக்கு வழி விட்டுச் சேலையை ஒதுக்கிக்கொள்வாள்.

இன்னொன்றும் எழுதவேண்டும். இது இந்த வருஷம் வரைக்கும் உங்கள் அம்மாவுக்கே தெரியாது. பதினெட்டு வருஷம் கழித்து அந்த மாப்பிள்ளை என்னைத் தேடி வந்தார். வேறு கல்யாணம் செய்து, பிள்ளை ஒன்றைப் பறிகொடுத்து, ஆள் பாதியாகியிருந்தார். உண்மையாகவே ஞானஸ்நானம் பெறவேண்டும் என்று புதிதாக வந்த ஐயரிடம் போயிருக்கிறார். அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஆகியிருக்கிறதே, ஒரு ஆளுக்கு இரண்டு தரம் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

“அன்னிக்கு என் பேரே எனக்குத் தெரியாதுங்க. உங்க அக்கா கேட்டப்ப சிரிச்சேன்” என்றார். “நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அந்த வரிய அடிச்சுட்டு எனக்குக் குடுப்பாங்க.”

அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்திருக்கும், அக்காவுக்குத் திருவிருந்து கிடைத்திருக்கும். நான் அந்த வருஷம்தான் செயலாளர் ஆகியிருந்தேன். பழசையெல்லாம் கிளறாதீங்க, உங்க அப்பா பேரும்தானே கெடும் என்று, அவர் மேல் அக்கறை உள்ளவன் மாதிரிச் சொன்னேன். அவர் போய்விட்டார். ஆடியில் காவிரித் தண்ணீர் வந்தபோது, வேறு ஊரில் ஒரு ஓலைக் கொட்டகை ஜெபவீட்டுக்காரர்கள் அவரை ஆற்றில் இறக்கி முழுக்கிக் கரையேற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். அக்காவுக்கும் அது தெரிந்தது. அந்த ஞாயிறு சாப்பிடும்போது, “அவருக்குக் கெடச்சுடுச்சாம்டா” என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

முப்பத்தாறு வருஷம் அவள் அந்தப் பாயில் உட்கார்ந்தாள். போன தை மாதம் இறந்தாள். நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தீர்கள். ஒழுங்கு நடவடிக்கையில் உள்ளவர்களின் உடலைக் கோயிலுக்குள் கொண்டுபோகக்கூடாது, மணி அடிக்கக்கூடாது என்பது சபையின் பழைய விதி. வீட்டு வாசலில் ஜெபம் செய்து, நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். அவள் கல்யாணத்தைக் கொடுத்து வாங்கிய பட்டா உள்ள தோட்டம். ஏன்ப்பா கோயிலுக்குள்ள கொண்டு போகல என்று மூத்தவள் கேட்டாய். மழை வரும் போலிருக்கிறது, நேரமாகிவிட்டது என்றேன். வானம் வெறிச்சென்று இருந்தது. அவள் சவத்துக்கு முன்னாலும் என் வாயில் அதுதான் வந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சித்திரையில் ஒரு ஞாயிறு, சாட்சி சொல்லுகிற நேரத்தில் எழுந்து நின்றேன். கையெழுத்து, ஆச்சுங்க என்று சொன்னது, கமிட்டி கூப்பிட்டபோது போகாதது, மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பியது, எல்லாவற்றையும் சொன்னேன். கல்லெறிவார்கள், குறைந்தது வெளியே போ என்பார்கள் என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது.

முன்வரிசையில் ஒருவர் ‘ஸ்தோத்திரம்’ என்றார். நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஐயர் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். கமிட்டி அன்றைக்கே கூடி, செயலாளர் தானாகவே முன்வந்து சொன்னதால் நடவடிக்கை எதுவும் தேவையில்லை, பதவியிலும் நீடிக்கலாம் என்று பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டது. அப்படியானால் என் அக்கா மேல் போட்ட நடவடிக்கையை நீக்குங்கள் என்று கேட்டேன். இறந்தவர்களுக்கு அப்படி நீக்க விதியில்லை என்றார்கள். வெளியே வரும்போது கமிட்டியில் மூத்தவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையான பாசத்தோடு சொன்னார்: “உங்களுக்கு இருக்கிற பணிவு அந்தம்மாவுக்கும் கொஞ்சம் இருந்திருந்தா, இவ்வளவு வருஷம் கஷ்டப்பட்டிருக்க வேண்டாங்க.”

அடுத்த மாதம் திருவிருந்தில் முதல் பந்திக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். போனேன். உண்மை சொன்னவளுக்கு முப்பத்தாறு வருஷம் கொடுக்காததை, பொய் சொன்னவனுக்கு நாலு வாரத்தில் கொடுத்தார்கள். கையில் வாங்கி வாயில் வைத்தேன். திரும்பி வரும்போது கால் பழக்கத்தில் ஒதுங்கி நடந்தது. ஒதுங்குவதற்கு அங்கே யாரும் இல்லை.

அந்த நிலத்தை விற்று அவள் பெயரில் சபைக்கு ஏதாவது கட்டிக் கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். கல்வெட்டில் என் பெயரைத்தான் பெரிதாக வெட்டுவார்கள் என்று விட்டுவிட்டேன். நிலம் உங்களுக்கு வரும். என்ன செய்வது என்பதை இதைப் படித்த பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் சாட்சி சொன்ன செய்தி ஊரிலிருந்து உங்களுக்கு எட்டியதும் இரண்டு பேரும் போன் செய்தீர்கள். சின்னவன், “பெருமையா இருக்குப்பா” என்றாய். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளப்பா. எனக்கு அது வேண்டாம். அதைச் சொல்லவேண்டிய ஆளுக்கு நம் வீட்டில் யாரும் ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை.